உயிரியல் கடிகாரத்தின் மரபியல்

உயிரினங்களின் உடலில் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப நிகழும் மாற்றங்கள் நாளொழுங்கு அல்லது சர்க்காடியன் ஒழுங்கு எனப்படுகின்றன. உறக்கமும் விழிப்பும், உடல் வெப்பநிலையின் ஏற்ற இறக்கம், சில ஹார்மோன்களின் சுரப்பு, செடிகளின் இலை அசைவு, பூக்கள் மலரும் நேரம் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். இந்த ஒழுங்கை உள்ளிருந்து நடத்தும் அமைப்பு உயிரியல் கடிகாரம் என்று அழைக்கப்படுகிறது. 'சர்க்காடியன்' என்ற சொல்லை 1959 ஆம் ஆண்டு ஃபிரான்ஸ் ஹால்பெர்க் உருவாக்கினார். 'ஏறத்தாழ', 'நாள்' என்று பொருள்படும் இரு இலத்தீன் சொற்களின் சேர்க்கை அது.

இந்தக் கடிகாரம் பழக்கத்தால் வருவதன்று. அது மரபணுக்களில் எழுதப்பட்டு, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருகிறது. அந்த மரபணுக்கள் எவை, அவை எவ்வாறு நேரத்தைக் கணிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கடிகாரம் உள்ளே இருக்கிறது என்பது எப்படித் தெரிந்தது?

தொட்டாற்சிணுங்கி பகலில் இலை விரித்து இரவில் மூடிக்கொள்ளும். வெளிச்சத்தைக் கண்டு அது அவ்வாறு செய்கிறது என்றே எவரும் நினைப்பர். 1729 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு வானியலாளர் தெ மேரான் அச்செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாதபோதும் அது பகல் வேளையில் இலைகளை விரித்தது, இரவு வேளையில் மூடியது. செடிக்குள் ஏதோ ஒன்று நேரத்தைக் கணிக்கிறது என்பதற்கு இதுவே முதல் சான்று.

எனினும் ஓர் ஐயம் எஞ்சியது. வெளிச்சம் இல்லாவிட்டாலும், வெப்பநிலை போன்ற வேறொரு குறிப்பின் மூலம் செடி நேரத்தை அறிந்திருக்கலாம் அல்லவா? 1832 ஆம் ஆண்டு தெ கண்டோல் என்ற தாவரவியலாளர் இதற்கு விடை தரும் ஒரு செய்தியைக் கண்டார். மாறாத சூழலில் வைத்த செடியின் சுற்று சரியாக 24 மணி நேரமாக இல்லாமல் 22 முதல் 23 மணி நேரமாக இருந்தது. புவியின் சுழற்சியிலிருந்து செடி நேரத்தை அறிந்திருந்தால் சுற்று 24 மணியாகவே இருந்திருக்கும். நாள்தோறும் சற்று முந்திச் சென்றதால், அது தன் சொந்தக் கடிகாரத்தைப் பின்பற்றுகிறது என்பது தெளிவாயிற்று.

மூன்றாவது படியே மரபியலின் தொடக்கம். 1930களில் ஜெர்மானியத் தாவரவியலாளர் எர்வின் பூனிங், வெவ்வேறு சுற்றுக் காலம் கொண்ட அவரைச் செடிகளை ஒன்றோடொன்று கலந்தார். அவற்றின் வழித்தோன்றல்களின் சுற்றுக் காலம் இரு பெற்றோருக்கும் இடைப்பட்டதாக இருந்தது. விதையின் நிறமும் செடியின் உயரமும் மரபு வழியாக வருவதைப் போலவே கடிகாரத்தின் வேகமும் வருகிறது என்பது இதன் பொருள்.

உயிரியல் கடிகாரத்தின் மூன்று பண்புகள்

ஓர் ஒழுங்கை நாளொழுங்கு என்று ஏற்க, அறிவியலாளர் மூன்று பண்புகளைப் பார்க்கின்றனர்.

முதலாவது, வெளிக்குறிப்பு எதுவும் இல்லாத சூழலிலும் சுற்று தொடர வேண்டும்.

இரண்டாவது, வெளிச்சம் போன்ற குறிப்பு கிடைத்தால் கடிகாரம் தன்னை அதற்கேற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். நாள்தோறும் சில நிமிடங்கள் பிந்தும் கைக்கடிகாரத்தைக் காலையில் சரிசெய்து கொள்வதைப் போன்றது இது.

மூன்றாவது, வெப்பநிலை மாறினாலும் சுற்றுக் காலம் பெரிதாக மாறக் கூடாது. வேதிவினைகள் பெரும்பாலும் 10 பாகை செல்சியசு வெப்பம் கூடும்போது இரண்டு, மூன்று மடங்கு விரைவாகின்றன. உயிரியல் கடிகாரமும் வேதிவினைகளால் ஆனதுதான். ஆயினும் அதன் வேகம் ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது. பழ ஈக்களில் இதை 1954 ஆம் ஆண்டு காலின் பிட்டென்ட்ரிக் நிறுவினார். வெயில் நாளில் விரைந்தும் குளிர் நாளில் மெதுவாகவும் ஓடினால் அது கடிகாரமாகப் பயன்படாது என்பதால் இப்பண்பு மிக இன்றியமையாதது.

பழ ஈயும் பீரியட் மரபணுவும்

1960களின் இறுதியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில், சீமோர் பென்சரின் ஆய்வகத்தில் ரொனால்டு கொனோப்கா என்ற ஆய்வு மாணவர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். ஒரேயொரு மரபணு ஒரு விலங்கின் நடத்தையை மாற்றக் கூடுமா? கண்ணின் நிறம், சிறகின் வடிவம் போன்றவற்றை ஒரு மரபணு மாற்றலாம். நடத்தை என்பது மிகச் சிக்கலானது, அதை ஒற்றை மரபணுவில் தேடுவது வீண் என்றே பலர் கருதினர்.

பழ ஈ கூட்டுப்புழுப் பருவத்திலிருந்து பெரும்பாலும் விடியற்காலை வேளையில்தான் வெளிவரும். இந்த நேரத்தை உள்ளிருக்கும் கடிகாரம் முடிவு செய்கிறது. கொனோப்கா ஆண் ஈக்களுக்குத் திடீர்மாற்றத்தை உண்டாக்கும் வேதிப்பொருளை ஊட்டி, அவற்றின் வழித்தோன்றல்களில் தவறான நேரத்தில் வெளிவரும் ஈக்களைத் தேடினார். மூன்று வகைகள் கிடைத்தன. ஒன்றின் சுற்றுக் காலம் 19 மணி. மற்றொன்றின் சுற்றுக் காலம் 28 மணி. மூன்றாவது வகையில் ஒழுங்கே இல்லை. அவ்வகை ஈக்கள் பகலென்றும் இரவென்றும் பாராமல் எந்நேரமும் வெளிவந்தன.

மூன்று மாற்றங்களும் எக்ஸ் குரோமோசோமில் ஒரே மரபணுவில் இருந்தன என்பதுதான் வியப்பு. இதன் முக்கியத்துவத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கடிகாரம் நின்றுவிட்டால் அதன் எந்தப் பாகம் பழுதானது என்று சொல்ல முடியாது. எந்தச் சக்கரம் உடைந்தாலும் அது நிற்கும். ஆனால் ஒரே பாகத்தை ஒரு விதமாக மாற்றினால் கடிகாரம் விரைகிறது, வேறு விதமாக மாற்றினால் மெதுவாகிறது, நீக்கினால் நிற்கிறது என்றால், அந்தப் பாகம் வேகத்தையே முடிவு செய்யும் இடத்தில் இருக்கிறது என்று பொருள். கொனோப்காவும் பென்சரும் 1971 ஆம் ஆண்டு இம்முடிவுகளை வெளியிட்டனர். அம்மரபணு 'பீரியட்' என்று பெயர் பெற்றது.

1984 ஆம் ஆண்டு பிராண்டைசு பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ் குழுவினரும், ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் யங் குழுவினரும் இம்மரபணுவைத் தனியே பிரித்தெடுத்தனர். பின்னர் அதன் எழுத்துகளை வாசித்தபோது, ஏறத்தாழ 1,200 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்துக்கு அது குறியீடாக இருப்பது தெரிந்தது. 19 மணி ஈயில் அந்த நீண்ட தொடரில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருந்தது. 28 மணி ஈயிலும் வேறோரிடத்தில் ஒன்றுதான் மாறியிருந்தது. ஒழுங்கற்ற ஈயில் 'நிறுத்து' என்னும் குறியீடு இடையிலேயே வந்து, புரதம் முழுமையாக உருவாகாமல் போயிருந்தது.

நேரம் எவ்வாறு கணிக்கப்படுகிறது?

1990 ஆம் ஆண்டு பால் ஹார்டின், ஹால், ரோஸ்பாஷ் ஆகியோர் பீரியட் மரபணுவின் தூது ஆர்.என்.ஏ. அளவு 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவதைக் கண்டனர். அந்த ஏற்ற இறக்கத்தைப் பீரியட் புரதமே பாதிக்கிறது என்றும் அறிந்தனர். அதாவது, மரபணு புரதத்தை உருவாக்குகிறது. புரதம் போதிய அளவு சேர்ந்ததும் அதே மரபணுவின் வேலையை நிறுத்துகிறது. இதற்கு எதிர்ப் பின்னூட்டம் என்று பெயர்.

வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை எண்ணிக் கொள்ளலாம். தண்ணீர் நிறைந்ததும் மிதவை மேலே வந்து குழாயை அடைக்கிறது. தண்ணீர் குறைந்ததும் மிதவை தாழ்ந்து குழாய் திறக்கிறது. இதுவும் எதிர்ப் பின்னூட்டமே. ஆனால் தொட்டியில் நீர்மட்டம் ஒரே அளவில் நின்றுவிடுகிறது, ஏறி இறங்குவதில்லை. அப்படியானால் கடிகாரத்தில் மட்டும் ஏற்ற இறக்கம் எப்படி வருகிறது?

விடை தாமதத்தில் இருக்கிறது. தண்ணீர் நிறைந்த செய்தி மிதவைக்கு உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் தொட்டி நிரம்பி வழியும். அதேபோல், தண்ணீர் தீர்ந்த செய்தியும் தாமதமாகவே போய்ச் சேரும். தொட்டி வறண்டு கிடக்கும். இப்போது நீர்மட்டம் ஏறுவதும் இறங்குவதுமாக மாறி மாறி நிகழும். உயிரணுவும் இவ்வாறு தாமதத்தைப் புகுத்தித்தான் நேரத்தைக் கணிக்கிறது.

பழ ஈயின் உயிரணுவில் இது நடக்கும் முறை பின்வருமாறு.

கிளாக், சைக்கிள் என்னும் இரு புரதங்கள் இணைந்து, பகலில் பீரியட் மரபணுவையும் டைம்லெஸ் என்னும் மரபணுவையும் இயக்குகின்றன. இவற்றின் தூது ஆர்.என்.ஏ. முன்னிரவில் உச்ச அளவை அடைகிறது. ஆனால் பீரியட் புரதம் உடனே சேர்வதில்லை. டபுள்டைம் என்னும் நொதி அதன்மீது பாஸ்பேட்டுகளை ஏற்றுகிறது. அவ்வாறு குறியிடப்பட்ட புரதம் சிதைக்கப்படுகிறது. டைம்லெஸ் புரதம் போதிய அளவு உருவாகி, பீரியட் புரதத்தோடு இணைந்த பிறகுதான் அது சிதைவிலிருந்து தப்புகிறது. இணைந்த இரண்டும் உட்கருவுக்குள் சென்று, கிளாக், சைக்கிள் புரதங்களைத் தடுக்கின்றன. மரபணுவின் படியெடுத்தல் நிற்கிறது. புரத அளவு தூது ஆர்.என்.ஏ. உச்சம் அடைந்து சில மணி நேரம் கழித்து, பின்னிரவில்தான் உச்சம் அடைகிறது. இந்த இடைவெளியே நாம் மேலே கண்ட தாமதம்.

விடிந்ததும் வெளிச்சம் கிரிப்டோகுரோம் என்னும் புரதத்தைத் தூண்ட, அது டைம்லெஸ் புரதத்தின் சிதைவுக்கு வழி செய்கிறது. துணையிழந்த பீரியட் புரதமும் சிதைகிறது. தடை நீங்கியதால் கிளாக், சைக்கிள் இணை மீண்டும் வேலையைத் தொடங்குகிறது. ஒரு சுற்று முடிந்தது. கடிகாரத்தை வெளிச்சம் திருத்துவது எவ்வாறு என்பதற்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. டைம்லெஸ் மரபணுவை 1994 ஆம் ஆண்டும், டபுள்டைம் மரபணுவை 1998 ஆம் ஆண்டும் யங் குழுவினர் அறிவித்தனர்.

ஹால், ரோஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. முதல் திடீர்மாற்ற ஈக்களைக் கண்ட பென்சர் 2007 ஆம் ஆண்டும், கொனோப்கா 2015 ஆம் ஆண்டும் இறந்துவிட்டனர்.

பாலூட்டிகளின் கடிகாரம்

1988 ஆம் ஆண்டு மார்ட்டின் ரால்ஃபும் மைக்கேல் மெனக்கரும் ஒரு வெள்ளெலி வகையில் (ஹாம்ஸ்டர்) சுற்றுக் காலம் குறைந்த திடீர்மாற்றத்தைக் கண்டனர். மாறிய மரபணு ஒரு பிரதி இருந்தால் சுற்று 22 மணி. இரு பிரதிகளும் மாறியிருந்தால் 20 மணி. இதற்கு 'டௌ' என்று பெயரிட்டனர்.

மூளையின் ஹைப்போதலாமசில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, எஸ்.சி.என். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் சிறு நரம்பணுத் திரள் உள்ளது. மனிதரில் இதில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் உள்ளன. இதை நீக்கினால் எலியின் நாளொழுங்கு அழிகிறது என்பது 1972 ஆம் ஆண்டிலேயே தெரிந்திருந்தது. 1990 ஆம் ஆண்டு ரால்ஃப், மெனக்கர் குழுவினர், எஸ்.சி.என். நீக்கப்பட்ட ஹாம்ஸ்டர்களுக்கு வேறொரு ஹாம்ஸ்டரின் எஸ்.சி.என். திசுவைப் பொருத்தினர். நாளொழுங்கு திரும்பியது. திரும்பிய ஒழுங்கின் சுற்றுக் காலம் பெற்றுக்கொண்ட விலங்கினுடையதாக இல்லை. கொடுத்த விலங்கினுடையதாக இருந்தது. தலைமைக் கடிகாரம் இருக்கும் இடத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

பாலூட்டிகளின் கடிகாரமும் பழ ஈயினுடையதைப் போன்ற சுற்றே. கிளாக், பிமால்1 புரதங்கள் இணைந்து பீரியட் மரபணுக்கள் மூன்றையும் கிரிப்டோகுரோம் மரபணுக்கள் இரண்டையும் இயக்குகின்றன; அவற்றின் புரதங்கள் திரும்பி வந்து கிளாக், பிமால்1 இணையைத் தடுக்கின்றன. ஈயில் வெளிச்சத்தை உணரும் கிரிப்டோகுரோம், பாலூட்டிகளில் தடுக்கும் வேலையைச் செய்கிறது. எலியின் கிளாக் மரபணுவை ஜோசப் தகாஹாஷி குழுவினர் கண்டறிந்து, 1997 ஆம் ஆண்டு பிரித்தெடுத்தனர். ஹாம்ஸ்டரின் டௌ திடீர்மாற்றம், ஈயின் டபுள்டைம் நொதிக்கு இணையான கேசீன் கைனேசு நொதியில் உள்ளது என்று 2000 ஆம் ஆண்டு தெரிந்தது. ஈயிலும் ஹாம்ஸ்டரிலும் ஒரே பாகம்!

இக்கடிகாரம் மூளையில் மட்டும் இல்லை. கல்லீரல், சிறுநீரகம், இதயம் எனப் பெரும்பாலான உறுப்புகளின் உயிரணுக்களிலும் இதே மரபணுக்கள் சுற்றி வருகின்றன. புரதங்களுக்குக் குறியீடாகும் எலியின் மரபணுக்களில் 43 விழுக்காடு, ஏதேனும் ஓர் உறுப்பில் நாளொழுங்கோடு வேலை செய்கின்றன என்று 2014 ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. எஸ்.சி.என். கண்ணிலிருந்து வெளிச்சச் செய்தியைப் பெற்று, இந்தக் கடிகாரங்களை ஒருங்கிணைக்கிறது. உணவு உண்ணும் நேரமும் கல்லீரல் போன்ற உறுப்புகளின் கடிகாரத்தைத் திருத்துகிறது.

தாவரங்களும் நீலப்பச்சைப் பாக்டீரியாக்களும்

தாவரங்களின் கடிகார மரபணுக்கள் விலங்குகளுடையவை அல்ல. அராபிடாப்சிசு என்னும் சிறு செடியில் சி.சி.ஏ.1, எல்.எச்.ஒய். ஆகியவை காலையிலும், டி.ஓ.சி.1 மாலையிலும் உச்சம் அடைந்து ஒன்றையொன்று தடுக்கின்றன. பாகங்கள் வேறு, பின்னூட்டச் சுற்று என்னும் அமைப்பு மட்டும் ஒன்று.

செடிகள் இக்கடிகாரத்தைக் கொண்டு பகலின் நீளத்தையும் அளக்கின்றன. இது ஒளிக்காலத்துவம் எனப்படும். நமது பழைய சம்பா நெல் வகைகள் பல, பகல் குறுகும் காலத்தில் பூக்கும் இயல்புடையவை. நாற்று சற்று முந்தியோ பிந்தியோ விடப்பட்டாலும் கதிர் வரும் காலம் பெரிதாக மாறாததற்கு இதுவே காரணம். இதில் பங்கேற்கும் எச்.டி.1 என்னும் நெல் மரபணு 2000 ஆம் ஆண்டு பிரித்தெடுக்கப்பட்டது.

மிக எளிய கடிகாரம் நீலப்பச்சைப் பாக்டீரியாவில் உள்ளது. அதன் மூன்று மரபணுக்களுக்கு, 'சுழற்சி' என்று பொருள்படும் ஜப்பானியச் சொல்லைக் கொண்டு காய் ஏ, காய் பி, காய் சி என்று பெயர். 2005 ஆம் ஆண்டு தக்காவோ கோண்டோ குழுவினர் இம்மூன்று புரதங்களையும் ஏ.டி.பி.யையும் சோதனைக் குழாயில் கலந்தனர். உயிரணு இல்லை, மரபணுவும் இல்லை. ஆயினும் காய் சி புரதத்தில் பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும் ஏறத்தாழ 24 மணி நேரச் சுற்றாக நடந்தது.

கடிகாரத்தால் உயிரினத்துக்கு என்ன நன்மை என்பதையும் இப்பாக்டீரியாவே காட்டியது. வெவ்வேறு சுற்றுக் காலம் கொண்ட வகைகளை ஒன்றாக வளர்த்தபோது, வெளிச்சமும் இருளும் மாறும் கால அளவோடு எந்த வகையின் கடிகாரம் ஒத்துப்போனதோ அந்த வகையே மற்றதை வென்று பெருகியது. தொடர் வெளிச்சத்தில் வளர்த்தபோது அந்த வேறுபாடு இல்லை. கடிகாரத்தின் பயன், வெளியுலகோடு ஒத்துப்போவதில்தான் இருக்கிறது.

மதுரை ஆய்வுகள்

இந்தியாவில் நாளொழுங்கு ஆய்வை வளர்த்தவர்களில் முதன்மையானவர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எம். கே. சந்திரசேகரன். மதுரைக்கு அருகே குகையில் வாழும் வௌவால்களை அவரும் ஜி. மாரிமுத்துவும் ஆய்ந்தனர். இருண்ட குகையில் அடைக்கப்பட்ட வௌவால், கூட்டம் உடனிருக்கும்போது அக்கூட்டத்தின் வருகையையும் புறப்பாட்டையும் ஒட்டித் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது. கூட்டமில்லாத இடத்தில் அதன் கடிகாரம் தன் போக்கில் ஓடியது. வெளிச்சம் மட்டுமன்றி, உடன் வாழ்வோரும் நேரக் குறிப்பாகலாம் என்பதை இது காட்டியது. வெளியுலகத் தொடர்பின்றி மனிதர் தங்கி ஆய்வில் பங்கேற்கும் தனிமை அறையும் அப்பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்டது.

மனிதரிடம் காணும் மரபு வேறுபாடுகள்

மனிதக் கடிகாரத்தின் சராசரிச் சுற்றுக் காலம் 24 மணியைவிடச் சற்றே கூடுதல், ஏறத்தாழ 24.2 மணி. எல்லோருக்கும் இது ஒன்றாக இருப்பதில்லை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சில குடும்பங்களில், பலர் மாலை ஏழரை மணி அளவிலேயே உறங்கி விடியற்காலை நாலரை மணி அளவில் விழித்துக்கொள்வதை 1999 ஆம் ஆண்டு ஆய்வாளர் விவரித்தனர். அவர்கள் விரும்பி அவ்வாறு செய்யவில்லை. மாற்ற முயன்றும் முடியவில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இவ்வியல்பு இருந்தால் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வந்தது. இது ஓங்கு மரபின் அடையாளம். 2001 ஆம் ஆண்டு யிங்-ஹுய் ஃபூ, லூயி டாசெக் குழுவினர் அத்தகைய ஒரு குடும்பத்தில் அதன் காரணத்தைக் கண்டனர். இரண்டாவது பீரியட் மரபணுவில் ஒரு எழுத்து மாறி, செரீன் இருக்க வேண்டிய இடத்தில் கிளைசீன் வந்திருந்தது. கேசீன் கைனேசு பாஸ்பேட் ஏற்றுவது அந்தப் பகுதியில்தான். 1971 இல் ஈயிடம் கண்ட மரபணுவின் உறவினரே மனிதரின் உறக்க நேரத்தையும் முடிவு செய்கிறது என்பது இவ்வாறு உறுதியானது.

இவ்வளவு தெளிவான ஒற்றை மரபணு மாற்றம் அரிது. பெரும்பாலோரிடம் பல மரபணுக்களின் சிறு சிறு விளைவுகள் சேர்ந்தே, ஒருவர் விடியலில் சுறுசுறுப்பானவரா, இரவில் சுறுசுறுப்பானவரா என்பதை முடிவு செய்கின்றன. ஏறத்தாழ 7 லட்சம் பேரின் மரபுத் தரவுகளைக் கொண்டு 2019 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் இத்தகைய 351 இடங்கள் கண்டறியப்பட்டன. மரபோடு வயதும் சேர்கிறது. வளரிளம் பருவத்தில் கடிகாரம் பின்னோக்கி நகர்கிறது. இரவில் உறக்கம் வரும் நேரமும் காலையில் விழிக்கும் நேரமும் தள்ளிப் போகின்றன. முதுமையில் முன்னோக்கி வருகிறது. ஒரே வீட்டில் தாத்தா நாலு மணிக்கு எழுவதும் பேரன் எட்டு மணிவரை உறங்குவதும் ஓரளவு இதனால்தான். பேரனைச் சோம்பேறி என்பது சரியன்று; தாத்தாவின் விடியல் விழிப்பு முழுவதும் கட்டுப்பாட்டின் பயன் என்பதும் சரியன்று.

நடைமுறை வாழ்வில்

சுற்றுக் காலம் 24 மணியைவிடச் சற்று நீண்டிருப்பதால், நாளை நீட்டுவது நம் உடலுக்கு எளிது, சுருக்குவது கடினம். எனவே மேற்கு நோக்கி வானூர்தியில் செல்வோரைவிடக் கிழக்கு நோக்கிச் செல்வோருக்குப் பெரும்பாலும் தடுமாற்றம் கூடுதலாக இருக்கிறது.

இரவுப் பணி செய்யும் செவிலியர், காவலர், ஆலைத் தொழிலாளர், அழைப்பு மையப் பணியாளர் ஆகியோரின் நிலை இதைவிடக் கடினமானது. அவர்கள் பகலில் உறங்கினாலும், பகல் வெளிச்சம் கடிகாரத்தை முழுமையாக மாற விடுவதில்லை. உறுப்புகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, நாளொழுங்கைக் குலைக்கும் மாற்றுமுறைப் பணியை 2007 ஆம் ஆண்டு 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' என்ற பிரிவில் சேர்த்தது. 2019 ஆம் ஆண்டு இரவுப் பணியை அதே பிரிவில் வைத்தது.

மாணவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மரபணு கடிகாரத்தின் இயல்பான வேகத்தைத் தருகிறது. அதை நாள்தோறும் திருத்துவது வெளிச்சம். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னே நகர்த்துகிறது. இரவில் நெடுநேரம் கண்மேல் விழும் விளக்கொளியும் கைப்பேசி ஒளியும் பின்னே தள்ளுகின்றன. தேர்வுக் காலத்தில் இரவெல்லாம் விழித்திருந்து படிப்பவர், காலையில் தேர்வறையில் அமரும்போது உடலின் நேரத்தில் இன்னும் இரவிலேயே இருக்கக் கூடும். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஒரே நேரத்தில் உறங்கி, எழுந்ததும் சிறிது நேரம் வெளிச்சத்தில் நடப்பது, கடிகாரத்தை மணியோடு சேர்த்து வைக்க எவரும் செய்யக்கூடிய எளிய வழியாகும்.